செட் என்ன ஆச்சு?

குழு: மடிப்பாக்கம் கிரகப்பிரவேசம் – வேலை மட்டும்

புதன், காலை 9.10

பெரியப்பா: ஞாயித்துக்கிழமைக்கு செட் என்ன ஆச்சு? யாரும் ஒண்ணும் சொல்லலையே.

ரமேஷ் மாமா: நேத்து மதியம் போட்டாங்க. செட் ஆயிடுச்சு.

வசந்தி சித்தி: 80 சொல்லியாச்சு. வடகறியோட.

திவ்யா: அட்டிகை லாக்கர்ல. தோடு அம்மாகிட்ட. செட்டா வேணும்னா வெள்ளிக்குள்ள சொல்லுங்க, இது ரெண்டாவது சனி, பேங்க் இருக்காது.

கார்த்தி: அட்வான்ஸ் குடுத்தாச்சு பெரியப்பா. ரெண்டு பாக்ஸ், ஒரு மைக்.

பெரியப்பா: நான் கேட்டது பால் காய்ச்சுற பித்தளை செட்டை!

கார்த்தி: 😂😂

பெரியப்பா: சிரிக்காதே. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி, 1989 பதிப்பு, இந்த ஒரு சொல்லுக்கு 430 பொருள் குடுத்திருக்கான். விளக்கம் மட்டும் 60,000 வார்த்தை கிட்ட. அப்புறம்தான் 'ரன்' அதை முந்திச்சு. உண்மையில இது ரெண்டு சொல், பேர்தான் ஒண்ணு. முதல் செட், 'சிட்'டோட பிறவினை. நம்ம அமர் – அமர்த்து மாதிரி. சிமெண்ட் செட் ஆறது, அலாரம் செட் பண்றது, அவங்க ஊர்ல சூரியன் செட் ஆறது எல்லாம் அந்த வம்சம். ரெண்டாவது, லத்தீன் 'செக்டா', பிரெஞ்சு வழியா வந்தது. கூட்டம்னு அர்த்தம். பல்செட்டு, நகை செட்டு, "அவங்க தனி செட்டு" எல்லாம் இதுல சேரும்.

திவ்யா: பெரியப்பா, வேலை மட்டும்

வசந்தி சித்தி: தனி செட்டுன்னு யாரைச் சொல்றீங்க?

பெரியப்பா: உதாரணம்மா.

வசந்தி சித்தி: சரி.

ரமேஷ் மாமா: 80ன்னா 80 தோசையா, 80 செட்டா?

வசந்தி சித்தி: செட்டு. ரெண்டு ரெண்டு.

கார்த்தி: பெங்களூர்ல மூணு வைப்பாங்க

ரமேஷ் மாமா: அதான் கேக்கறேன். 160ஆ 240ஆ? சமையல்காரர் எதுக்கு விலை சொன்னார்? ஒரு கல்லுல 6 ஊத்தலாம், மூடி போட்டு 3 நிமிஷம். 240ன்னா 40 ஈடு, ரெண்டு மணி நேரம். 7.30 பந்திக்கு ஒரு கல்லு பத்தாது. சீட்டுல செட்டுன்னு எழுதாதீங்க, தோசை இத்தனைன்னு எழுதுங்க.

வசந்தி சித்தி: போன் எடுக்கல. பாக்கறேன்.

கார்த்தி: மாமா, செட் ஆயிடுச்சுன்னா மாடிப்படிக்கு மேல போட்ட ஹெட்ரூம் ஸ்லாப்ல ஸ்பீக்கர் ஏத்தலாமா

ரமேஷ் மாமா: டேய்! செட் ஆறது வேற, பலம் வர்றது வேற. சிமெண்ட் அரை மணிக்கு முன்னாடி இறுக ஆரம்பிக்கக் கூடாது, 10 மணி நேரத்துல இறுகி முடிஞ்சிருக்கணும். சட்டுனு இறுகாம இருக்கத்தான் ஆலையிலேயே ஜிப்சம் சேர்க்கறான். விரல் பதியலன்னா செட், அவ்வளவுதான். நம்ம ஸ்லாப் 8 அடி. 4.5 மீட்டருக்குள்ள சாதா சிமெண்டுக்கே 7 நாள் முட்டு நிக்கணும். நாம போட்டது சாம்பல் கலந்த பி.பி.சி., 10 நாள் பாத்தி கட்டி தண்ணி நிக்கணும், முட்டும் அதுவரை இருக்கட்டும்.

திவ்யா: முட்டு மாடிப்படியிலதானே நிக்குது?

ரமேஷ் மாமா: ஆமா.

திவ்யா: அப்ப மாடியில பந்தி?

ரமேஷ் மாமா: ...

மணி அண்ணா: பந்தலைத் தெருவுலயே போடுங்க. நான்தான் முதல்லயே சொன்னேனே.

அத்தை: தயிர் வீட்ல செட் பண்ணிடவா? 10 லிட்டர்.

வசந்தி சித்தி: பண்ணுங்க அண்ணி. பால் கை பொறுக்கற சூட்டுல இருக்கணும். கொதிக்கறப்ப ஊத்தினா உறை செத்துடும், ஆறிட்டா தூங்கிடும். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும், தை மாசக் குளிருக்கு ரெண்டு. ஊத்தினப்புறம் பாத்திரத்தை ஆட்டாதீங்க.

பெரியப்பா: பாத்தியா, உறைன்னு சொல்லிட்டா! பால் உறையும். சிமெண்ட் இறுகும். ஒடிஞ்ச எலும்பு கூடும். மோதிரத்துல கல் பதிப்போம். சூரியன் மறையும். நமக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி வினை இருக்கு. எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டி

கார்த்தி: செட்டப்?

அத்தை: டேய், குழந்தைங்க இருக்கற குரூப்.

மணி அண்ணா: செட் அசைடை விட்டுட்டீங்களே பெரியப்பா.

திவ்யா: அது என்ன

மணி அண்ணா: நாம கோர்ட்டுக்குப் போகாம ஒருதலையா வந்த தீர்ப்பை ரத்து பண்ணக் கேக்கறது. சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 9, விதி 13. மனு போட 30 நாள். ஊர் நிலத்துக்கு அந்த 30 நாள் எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சவங்க இங்க இருக்காங்க.

வசந்தி சித்தி: அது இங்க வேணாம் மணி.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: சாமியானா கீழயா மேலயா, யாராவது முடிவா சொல்லுங்க

ரமேஷ் மாமா: சாயங்காலம் போய்ப் பாத்துட்டு சொல்றேன்.

பெரியப்பா: பித்தளை செட் யார்கிட்ட இருக்கு?

அத்தை: பானை என்கிட்ட. கரண்டி வசந்தி வீட்ல. போன தடவை எடுத்துட்டுப் போனா.

வசந்தி சித்தி: அது எங்கம்மா சீர்ல வச்சது.

பெரியப்பா: தட்டு?