புதுப்பிப்பு: பைக் இன்சூரன்ஸ், கடைசியில் எதை எடுத்தேன்

சேலத்திலிருந்து வாராவாரம் ஏற்காடு ஏறும் எனக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதாது. அது நாம் மோதியவருக்கான காப்பு; நம் வண்டிக்குப் பைசா வராது.

20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், ஈரச் சருகில் சறுக்கி விழுந்தேன். இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது, முன் மட்கார்டு பிளந்திருந்தது. இரண்டுமே பிளாஸ்டிக். சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகையைக் கழித்துவிடுவார்கள். அதனால் முழுக் காப்பீட்டோடு, அப்படிக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப்ரிசியேஷனும் சேர்த்தே எடுத்துவிட்டேன்.

அப்புறம், 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு வண்டி உரிமையாளருக்கு மட்டும்தான். பின்னால் உட்காரும் மனைவிக்கு அதில் இடமில்லை என்று தெரிந்ததும் மனசு பதறிவிட்டது. அவருக்கும் தனியாகச் சேர்த்தாயிற்று. ஜோடியாக மலை ஏறுபவர்கள் உங்கள் பாலிசியில் அந்த வரியை இன்றே பாருங்கள்.