கட்டி கரைந்த பிறகும் மலக்குடலை எடுக்கத்தான் வேண்டுமா?

சின்னமனூர்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயசு, சின்னமனூர்ல வாழை போடுறவர். மலத்தோட ரத்தம் போனப்ப மூலம்னு நெனச்சு எட்டு மாசம் நாட்டு மருந்து சாப்பிட்டார். கடைசியில மலக்குடல்ல புற்றுக்கட்டின்னு தெரிஞ்சுது. ஆசனவாயிலிருந்து 3 செ.மீ. உயரத்துல இருந்துச்சு, பக்கத்து நெறிக்கட்டுலயும் சந்தேகம்னாங்க. 28 சிட்டிங் ரேடியேஷன், கூடவே மாத்திரை, அப்புறம் 5 சைக்கிள் கீமோ எல்லாம் முடிஞ்சது. போன வாரம் எம்ஆர்ஐயும் ஸ்கோப்பும் எடுத்தாங்க. கட்டி இருந்த இடத்துல வெள்ளையா ஒரு தழும்பு மட்டும்தான் இருக்காம்.

சர்ஜன், "இருந்தாலும் எடுத்துடலாம். ஆசனவாயையும் சேர்த்துதான் எடுக்கணும், மலம் போக வயித்துல நிரந்தரமா பை வரும்"னு சொல்றார். ரேடியேஷன் டாக்டர், "விடாம வந்து காட்டுவீங்கன்னா ஆபரேஷன் இல்லாமலே கண்காணிக்கலாம்"கிறார். ஒரே ஆஸ்பத்திரி, ரெண்டு பதில். பைன்னு கேட்டதும் அப்பா பேச்சையே நிறுத்திட்டார். மூணு நாளா தோப்புப் பக்கம் போகலை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நெல்லை_சர்ஜன்

அம்மா, முப்பது வருடம் இந்த அறுவையைச் செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: எடுத்துவிடுங்கள்.

இந்த நோயில் 'எடுத்தாயிற்று' என்று நம்பி ஏமாந்த வரலாறு பெரியது. லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற மருத்துவர் கீழ்வழியாக மட்டும் கட்டியை எடுத்துவந்த காலத்தில், அவருடைய 57 நோயாளிகளில் 54 பேருக்கு நோய் திரும்ப வந்தது. அவரே அதை 1908இல் எழுதிவைத்துவிட்டு, வயிறு வழியாகவும் கீழ்வழியாகவும் சேர்த்து எடுக்கும் முறைக்கு மாறினார். உங்கள் அப்பாவுக்கு இன்று சொல்லப்படும் அறுவை அதன் வழித்தோன்றல்தான். பிறகு 1982இல் பேசிங்ஸ்டோக்கில் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்புறைக்குள் புற்றின் சிறு துகள்கள் தங்கியிருப்பதைக் காட்டினார். அந்த உறையைக் கிழியாமல் முழுதாக எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் இடுப்புக்குள் நோய் திரும்புவது குறைந்தது. 2001இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ரேடியேஷன் கொடுத்து இப்படி எடுத்தவர்களில் 2 ஆண்டுக்குள் அதே இடத்தில் நோய் வந்தது 2.4 சதவீதம் பேருக்குத்தான்.

ஸ்கோப் காட்டுவது குடலின் உள்சுவரை. உறைக்குள் என்ன இருக்கிறது என்பதை, எடுத்து வெட்டிப் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும்.

தழும்போடு_மூன்றாண்டு

ஐயாவின் அனுபவத்துக்கு வணக்கம், ஆனால் அவர் முடிவை நான் ஏற்கவில்லை. நான் ஈரோட்டில் பள்ளி ஆசிரியர். எனக்கும் இதே இடத்தில் கட்டி, இதே சிகிச்சை, இதே வெள்ளைத் தழும்பு. மூன்று ஆண்டும் நான்கு மாதமும் ஆகிறது. அறுவை செய்துகொள்ளவில்லை.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஆஞ்சலீட்டா ஹப்ர்-காமா என்ற அறுவை மருத்துவர் 2004இல் 265 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். அவர்களில் 71 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்திருந்தது. அவர்களை அறுக்காமல் கண்காணித்தார். அன்றைக்கு ஐயா சொன்னதையேதான் பலரும் அவரிடம் சொன்னார்கள். இப்போது பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. முழுதாக மறைந்த 880 பேரின் விவரம் 2018இல் வந்தது. 2 ஆண்டில் நான்கில் ஒருவருக்குக் கட்டி மறுபடி முளைத்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் முளைத்தவற்றில் 97 சதவீதம் குடல்சுவரில்தான் இருந்தன. அதாவது விரலுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டுகிற இடத்தில். உறைக்குள் மட்டும் ஒளிந்து வளரும் என்ற பயம் பெரும்பாலோர் விஷயத்தில் நடக்கவில்லை.

நான்கில் மூவர் ஒரு தேவையில்லாத பெரிய அறுவையிலிருந்து தப்பித்தார்கள், ஐயா. அந்த மூவரின் ஆசனவாயை எந்தக் காரணம் சொல்லி எடுப்பீர்கள்?

நெல்லை_சர்ஜன்

நாலாவது ஆளைக் காரணமாகச் சொல்லித்தான். அவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது.

நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2019இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். கண்காணிப்பில் இருந்த 113 பேரில் 22 பேருக்குக் கட்டி மறுபடி வந்தது. அந்த 22 பேரில் 36 சதவீதத்தினருக்கு நுரையீரல், கல்லீரல் என்று வேறு உறுப்புகளுக்கும் நோய் பரவியது. மறுபடி வராதவர்களில் அப்படிப் பரவியது 1 சதவீதம். உலகத்தின் தலைசிறந்த இடத்தில், தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தபோதே இது நடந்தது. முளைத்ததும் எடுத்துவிடலாம் என்று சுலபமாகச் சொல்கிறார்கள். அதற்குள் பறந்துபோன விதையை எந்தக் கத்தியால் பிடிப்பது?

தழும்போடு_மூன்றாண்டு

அந்த எண்ணைப் படித்த இரவு நானும் தூங்கவில்லை. ஆனால் அது எதைக் காட்டுகிறது? காத்திருந்ததால் பரவியதா, அல்லது மறுபடி முளைக்கும் அளவுக்கு முரட்டுக் கட்டி என்பதால் முதலிலேயே பரவியிருந்ததா? பின்னதாக இருந்தால், முதல் நாளே அறுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

இதற்கு ஓரளவு விடை, மலக்குடலைக் காப்பாற்ற முடியுமா என்று அமெரிக்காவில் பார்த்த ஓப்ரா ஆய்வில் இருக்கிறது. 324 நோயாளிகள். ரேடியேஷனை முதலில் கொடுத்துப் பிறகு கீமோ கொடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் 5 ஆண்டு கழித்தும் மலக்குடலோடு இருந்தார்கள். சின்னமனூர் அப்பாவுக்கும் அதே வரிசைதான். உடனே அறுவை செய்துகொண்டவர்களையும், காத்திருந்து கட்டி முளைத்த பிறகு செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 ஆண்டில் நோயில்லாமல் இருந்தவர்கள் இரு பக்கமும் 64 சதவீதம். காத்திருந்ததால் பின்தங்கியதாக அதில் தெரியவில்லை.

நெல்லை_சர்ஜன்

ஓப்ராவை நானும் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் ஒப்பிடுகிறவர்கள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. உடனே அறுவைக்குப் போனவர்களுக்குக் கட்டி சரியாகக் கரையவில்லை, அதனால்தான் போனார்கள். முழுதாகக் கரைந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்குக் கண்காணிப்பு என்று அந்த ஆய்வு பிரிக்கவில்லை.

தழும்போடு_மூன்றாண்டு

அதை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. கரைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அப்படிக் குலுக்கலுக்குச் சம்மதிக்கிற நோயாளி எங்கே கிடைப்பார்?

திருச்சி_வாசகன்

இப்போ ஒரு ஊசி வந்திருக்காமே, போட்டாலே கட்டி போயிடுதாம், ரேடியேஷன், ஆபரேஷன் எதுவும் வேண்டாமாம். அதை ஏன் யாரும் சொல்லலை?

தழும்போடு_மூன்றாண்டு

டோஸ்டார்லிமாப் பற்றிக் கேட்கிறீர்கள். 2022இல் முதலில் 12 பேருக்குக் கொடுத்து 12 பேருக்கும் கட்டி மறைந்தது, 2025இல் 49 பேருக்கு 49. செய்தி உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் கட்டியில் மரபணுப் பிழைதிருத்தும் புரதம் பழுதாகியிருந்தது. மலக்குடல் புற்றில் அந்த வகை 5 முதல் 10 சதவீதம்தான். மற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. தங்கை, அப்பாவின் பயாப்ஸியில் அந்தப் புரதப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

யாழ்_தாதி

நான் யாழ்ப்பாணத்தாள். இங்கிலாந்தில் பை பராமரிப்புத் தாதியாக வேலை செய்யிறன். இவ்வளவு நேரம் இரண்டு பேரும் எண்களாலே வாதாடுறீங்கள். அந்த அப்பா வீட்டுக்குள்ள படுத்துக் கிடக்கிறதுக்குக் காரணம் எண்ணில்லை, பை.

பிள்ளை, அறுவைதான் முடிவெண்டால், அறுவைக்கு முதல் நாளே தாதி ஒருத்தி அப்பாவை இருத்தி, நிற்க வைச்சு, குனிய வைச்சுப் பார்த்து வயிற்றில் இடம் குறிக்க வேணும். எங்கட ஆம்பிளையள் வேட்டி கட்டுற இடம், அரைஞாண் கயிறு கிடக்கிற இடம் இதெல்லாம் தவிர்க்க வேணும். இதைச் சொல்லாமல் விட்டால், வேட்டி முடிச்சு பையிலே அழுத்தி ஒவ்வொரு நாளும் ஒழுகும். அப்பா வேலைக்குக் கட்டுற மாதிரியே வேட்டியை மடிச்சுக் கட்டிக் காட்டச் சொல்லுங்கோ. நல்ல இடத்தில் அமைஞ்ச பை உடுப்புக்கு வெளியே தெரியாது, நாற்றமும் வராது. சிலர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி விட்டுக் கழுவப் பழகி, மிச்ச நேரம் சின்ன மூடியோட திரியினம். தோட்ட வேலை செய்யிற ஆக்களைக் கண்டிருக்கிறன். பாரம் தூக்குறதில மட்டும் கவனம் வேணும், பக்கத்தால குடல் பிதுங்கும்.

பைக்குப் பயந்து மட்டும் காத்திருப்பைத் தெரிவு செய்யாதேங்கோ. அப்படிப் பயந்தவை, கட்டி திரும்ப வந்தாலும் சொல்லாமல் ஒளிப்பினம்.

கரூர்_அண்ணன்

தாதி அக்கா சொன்ன கடைசி வரிதான் எங்க வீட்ல நடந்தது. என் தம்பிக்கும் கட்டி கரைஞ்சுது, காத்திருப்போம்னு முடிவாச்சு. முதல் வருஷம் ஒழுங்காப் போனான். ரெண்டாவது வருஷம் தறி வேலை, கடன், பொண்ணு கல்யாணம். ஸ்கோப்புக்குப் போகாம ரத்தப் பரிசோதனை மட்டும் பக்கத்து லேப்ல பார்த்துக்கிட்டான். அந்த ரிப்போர்ட் நார்மல்னு வந்துச்சு. ஆஸ்பத்திரியிலருந்து ஏன் வரலைன்னு ஒரு போன்கூட வரலை. பதினாலு மாசம் கழிச்சு உட்கார முடியாம வலிச்சப்பதான் உண்மையச் சொன்னான். அப்போ எலும்பு வரைக்கும் ஒட்டிருச்சு. ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க.

காத்திருப்புத் தப்புன்னு நான் சொல்லலை. அவனுக்கு யாரும் அதை ஒரு சிகிச்சையா சொல்லித் தரலை. "குணமாயிடுச்சு, அப்பப்ப வாங்க"ன்னாங்க. அந்த 'அப்பப்ப' தான் அவனைக் கொன்னுது.

தழும்போடு_மூன்றாண்டு

அண்ணே, மன்னிக்கணும். இதுக்கு என்னிடம் பதில் இல்லை.

என் கால அட்டவணையை மட்டும் எழுதுகிறேன். முதல் 2 ஆண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, ஸ்கோப், ரத்தத்தில் சிஇஏ என்ற புற்றுக் குறியீட்டுப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐ. நடுவே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி. இப்போது ஸ்கோப் ஆறு மாதத்துக்கு ஒன்று, 5 ஆண்டு வரை. ஓப்ராவில் மறுபடி முளைத்தவற்றில் 94 சதவீதம் 2 ஆண்டுக்குள் தெரிந்துவிட்டன. அதனால் அந்த 2 ஆண்டில் ஒரு தேதியையும் தள்ளிப்போடக் கூடாது. எனக்கு அரசு வேலை, லீவு கிடைத்தது, ஆஸ்பத்திரி பக்கத்தில். தறிக்காரருக்கு அது எத்தனை கூலி நாள் என்று நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

நெல்லை_சர்ஜன்

என் கருத்து மாறவில்லை. ஆனாலும் ஒரு சர்ஜன் சொல்லாமல் விடக்கூடாத பக்கம் ஒன்று உண்டு. ரேடியேஷன் பட்ட இடத்தில் ஆசனவாயை எடுத்த புண் ஆற மாதக்கணக்காகலாம். சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் நரம்புப் பாதிப்பு வரலாம். 'அறுவை முடிந்தால் நிம்மதி' என்று யாரும் உங்களுக்குச் சொன்னால் அது முழு உண்மை இல்லை. அறுத்த பிறகும் கண்காணிப்பு உண்டு.

அம்மா, காத்திருப்பு என்று முடிவெடுத்தால் மூன்று கேள்விக்குப் பதில் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் விரலால் பார்க்கப்போவது ஒரே மருத்துவரா? அடுத்த 2 ஆண்டுக்கான தேதிகளைத் தாளில் எழுதித் தருவார்களா? கட்டி முளைத்தால் எத்தனை வாரத்துக்குள் அறுவை மேசை கிடைக்கும்? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அறுவைக்குப் போங்கள்.

சின்னமனூர்_மகள்

எல்லாத்தையும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கரூர் அண்ணன் எழுதினதை ரெண்டு தடவ படிக்கச் சொன்னார். அப்புறம் யாழ் அக்கா சொன்ன மாதிரி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "முடிச்சு இங்க வருது, அப்ப பை எங்க வைப்பாங்க"ன்னு கேட்டார். பைன்னு அவர் வாயால சொன்னது இதுதான் முதல் தடவ.

இன்னும் முடிவு எடுக்கலை. வியாழக்கிழமை மதுரைக்குப் போறோம். மூணு மணி நேர பஸ். சர்ஜன், ரேடியேஷன் டாக்டர் ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சுப் பேசணும்னு கேட்டிருக்கோம், சரின்னுட்டாங்க. புரதப் பரிசோதனை பண்ணலையாம், பயாப்ஸிக்கு எடுத்து வச்சிருந்த பழைய சதைத்துண்டுல பண்ண அனுப்பிட்டாங்க. சர்ஜன் ஐயாவோட மூணு கேள்வியையும் அப்பாவே தன் கையால தாள்ல எழுதி வச்சிருக்கார். இன்னைக்குக் காலையில தோப்புக்குத் தண்ணி பாய்ச்சப் போயிட்டார்.