மீல்லேயும் மீலியாவும்: எங்கே இடறினார்கள்?

வழிப்போக்கன்:
லத்தீன் தேர்வுத்தாளில் "துவோ மீல்லே மீலித்தேஸ்". இரண்டாயிரம் வீரர்களாம்! மீல்லே ஒற்றை ஆயிரத்துக்கு மட்டும். அது உருபேற்காது, மீலித்தேஸ் தன் வேற்றுமையில் நிற்கும். இரண்டாயிரம் ஆனால் மீலியா. அது அஃறிணைப் பன்மைப் பெயர், எண்ணப்படுவது ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும்: "துவோ மீலியா மீலித்தும்", வீரர்களின் இரண்டு ஆயிரங்கள்.

கல்தச்சன்:
ரோமானிய மைல்கல்லில் எம், பி, பக்கத்தில் 12. எம் என்பதை ரோமன் 1000 ஆக்கி 12ஐயும் கூட்டி வாசித்திருந்தார்கள். அங்கே எம் மீலியா, பி "பஸ்ஸுவும்", அதாவது பஸ்ஸுஸ் என்ற நீள அளவின் ஆறாம் வேற்றுமைப் பன்மை. பன்னிரண்டாயிரம் பஸ்ஸுஸ். ஒரு பஸ்ஸுஸ் 5 ரோமானிய அடி, ஆயிரம் சேர்ந்தால் ஏறக்குறைய 1,480 மீட்டர். ஆக, பதினேழே முக்கால் கிலோமீட்டர். இரண்டு எட்டு சேர்ந்ததுதான் ஒரு பஸ்ஸுஸ். ஒற்றை எட்டாகக் கணக்குப் போட்டால் தூரம் பாதியாகிவிடும்.

ஏட்டுச்சுவடி:
வழிப்போக்கன் சொன்னது பாதிதான். மீல்லே பெயராகவும் நிற்கும். மீலோ என்பவருக்காக எழுதிய வாதத்தில் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ "ஹொமினும் மீல்லே" (ஆட்களின் ஓராயிரம்) என்று ஆறாம் வேற்றுமையோடு வைத்து ஒருமை வினையில் முடிக்கிறார். அரிதான வழக்குதான், ஆனாலும் அதைப் பிழை என்று சுழிக்கக் கூடாது.

பயிற்சித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படுவது "கும் துவோபுஸ் மீலிபுஸ் மீலிதிபுஸ்", இரண்டாயிரம் வீரர்களோடு. கடைசிச் சொல் தப்பு, "மீலித்தும்" வேண்டும். முதலில் மீலியாவுக்கு வாக்கியத்தில் என்ன வேலை என்று பாருங்கள். அந்த வேற்றுமையை மீலியாவுக்கும் அதன் முன் நிற்கும் இரண்டு, மூன்றுக்கும் மட்டும் கொடுங்கள்: துவோபுஸ், த்ரிபுஸ். நான்கு முதல் இருபது வரை எண்கள் அசையாது. எண்ணப்படும் பெயரும் ஆறாம் வேற்றுமையை விட்டு நகராது. அடுத்து, மீலியாவுக்குப் பின்னால் சில்லறை எண் இருக்கிறதா? இருந்தால் பெயர் அந்தச் சில்லறையோடு ஒட்டிக்கொள்ளும்: "துவோ மீலியா த்ரெகெந்தீ மீலித்தேஸ்", 2,300 பேர். இந்த இரண்டாவது சோதனையை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் ஆறாம் வேற்றுமையைத் திணிக்கிறார்கள்.

வழிப்போக்கன்:
2,300 சரி. சிசெரோவை முதல் ஆண்டு மாணவர்களிடம் கொண்டுபோக வேண்டாம். விதி ஊன்றிய பிறகு காட்டலாம்.

காசுக்கணக்கு:
"தெகியேஸ் செஸ்தெர்தியும்" என்பதைப் பத்து செஸ்தெர்ஸ் (ரோமானிய நாணயம்) என்று பெயர்த்திருந்தார்கள். தெகியேஸ் என்றால் பத்து முறை. எதைப் பத்து முறை? சொல்லாமல் விட்ட "கெந்தேனா மீலியா", நூறாயிரம். நம் கணக்கில் அப்படியே பத்து லட்சம். விகியேஸ் வந்தால் இருபது லட்சம். பணத்தொகைக்கு முன்னால் -இயேஸ் ஈறு கண்டால் லட்சத்தால் பெருக்குங்கள்.