பசங்களுக்கு வாதாடி எழுதக் கத்துக்குடுக்க பிளாக், ஃபேஸ்புக் எல்லாம் யாராவது யூஸ் பண்றீங்களா?

குடியாத்தம்_தமிழ்டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில ஒன்பதாவது, பத்தாவதுக்குத் தமிழ் எடுக்கிறேன். படிக்கிறவங்க மனசை மாத்துற மாதிரி எழுதணும்னு பசங்களுக்கு எப்படிக் கத்துக்குடுக்கறதுன்னு ரொம்ப நாளா யோசனை. கட்டுரைன்னாலே முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை, கடைசியில "உணர்வோமாக, ஒழிப்போமாக"ன்னு முடிச்சுடுறாங்க, மார்க்கும் வந்துடுது, ஆனா அதைப் படிச்சு ஒருத்தர் கூட எதையும் மாத்திக்க மாட்டாங்க.

போன மாசம் "புகையிலையை ஒழிப்போம்"னு தலைப்பு குடுத்தேன். நல்லா எழுதற ஒரு பொண்ணு மூணு பக்கம் எழுதியிருந்தா. அவங்க வீட்டுல அம்மா பீடி சுத்துறாங்க, அதுலதான் குடும்பமே ஓடுது. "இதை உங்கம்மா படிச்சா இன்னா சொல்லுவாங்கம்மா?"ன்னு கேட்டேன். "அம்மாகிட்ட காட்டவே மாட்டேன் டீச்சர்"னுட்டா. அப்ப யாருக்குத்தான் அந்த மூணு பக்கத்தை எழுதினான்னு எனக்கு மனசு கேக்கல.

அதான் நிஜமா யாராவது படிச்சு பதில் சொல்ற இடத்துல எழுத வெச்சா என்னன்னு தோணுது. ஹைடெக் லேப்ல கம்ப்யூட்டர் இருக்கு. ஆனா எச்எம் பயப்படுறாங்க, போன் எல்லாம் அப்பா அம்மா கையிலதான் இருக்கு. பிளாக்கா, ஃபேஸ்புக்கா, இன்ஸ்டாவா? கமெண்ட்டை என்ன பண்றது? இதுல போனா பப்ளிக் எக்ஸாம் கட்டுரை அடிவாங்குமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

காட்பாடி_கணினி:
டீச்சர், பிளாக்னு கண்ணை மூடிக்கிட்டு போங்க, ஃபேஸ்புக், இன்ஸ்டா வேணாம். ரெண்டுலயும் அக்கவுண்ட் தொடங்கவே 13 வயசு ஆகணும், ஒன்பதாவதுல சில பசங்க அந்த ஓரத்துலதான் இருப்பாங்க, அதோட 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம் 18க்குக் கீழ எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது, பெத்தவங்க சம்மதம் முக்கியம்.

நான் பண்றது இதுதான்: பிளாக்கர்ல என் அக்கவுண்ட்ல ஒரே ஒரு பிளாக். அழைச்சவங்க மட்டும் படிக்கிற மாதிரி செட்டிங் இருக்கு, அதைப் போட்டுடுவேன். பசங்க நோட்டுல எழுதி லேப்ல டைப் பண்ணுவாங்க, நான் ஏத்துவேன். நிஜப் பேர், போட்டோ, ஊர்த் தெரு எதுவும் வராது, ஆளாளுக்கு ஒரு புனைபெயர். கமெண்ட் எல்லாமே நான் பாத்து அனுமதிச்சாதான் வெளிய தெரியும். இதுல விட்டுக்குடுக்கவே கூடாது டீச்சர், நம்ம பக்கம் பசங்களுக்குள்ள சாதிய இழுத்துப் பேசுறது எவ்ளோ சீக்கிரம் வரும்னு உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு ஒரு பக்கத்துல தமிழ்லயே சம்மதக் கடிதம் அனுப்புங்க, அதைக் காட்டினா எச்எம்முக்கும் தைரியம் வரும்.

ஆனா பாடம் நடக்கறது போஸ்ட்ல இல்ல, கமெண்ட்லதான். எங்க கிளாஸ்ல "சூப்பர்", "அருமை" எழுதக் கூடாது. ஒண்ணு ஒரு கேள்வி கேக்கணும், இல்ல ஒத்துக்கலைன்னா ஏன்னு சொல்லணும். எழுதினவன் அந்தக் கேள்விக்கு ஏத்த மாதிரி போஸ்ட்டைத் திருத்தி எழுதணும், பழசை அழிக்காம கீழயே விட்டுடணும். எங்க ஸ்டூடன்ட் ஒருத்தன் "மதிய வெயில்ல விளையாட்டு பீரியட் வேணாம்"னு எழுதினான். மொத போஸ்ட்ல "வேலூர் வெயில் கொடுமையானது"ன்னு நாலு வரி. கீழ ஒரு பொண்ணு "அப்ப ஸ்டேட் மீட்டுக்குப் போறவங்க எப்ப பிராக்டிஸ் பண்ணுவாங்க?"ன்னு கேட்டுட்டா. ரெண்டாவது தடவை எழுதும்போது அந்த பீரியடைக் காலையில மொத பீரியடா மாத்தலாம், அதுக்கு எந்தப் பாடத்தை நவுத்தணும்னு டைம்டேபிளையே போட்டு எழுதினான். நான் ஒண்ணுமே சொல்லல.

எக்ஸாம் பத்திக் கவலைப்படாதீங்க. குறிப்பு குடுத்து எழுதச் சொல்ற கட்டுரையில உள்ள போட சரக்கு இருந்தா சட்டகம் தானா வந்துடும்.

பேர்ணாம்பட்டு_பாய்:
டீச்சர் அந்தப் பொண்ணு கதையப் படிச்சிட்டு சும்மா போக முடியல. எங்கம்மாவும் பீடி சுத்தித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. ராத்திரி இலைய நனைச்சு ஈரத்துணியில சுத்தி வெப்பாங்க, காலையில தகரப் பட்டைய வெச்சு அளவா கத்திரிச்சு, மடியில முறத்தை வெச்சுக்கினு சுத்துவாங்க, ஆயிரத்துக்கு இவ்ளோன்னு கூலி, அதுலயும் சரியில்லன்னு கொஞ்சம் கழிச்சுடுவாங்க. நாங்க ஸ்கூல்ல புகையிலை ஒழிப்பு ஊர்வலம் போவோம், வீட்டுக்கு வந்து நூல் கட்டிக் குடுப்போம்.

நான் சொல்றது இன்னான்னா, அந்தத் தலைப்புலயே ஆள் இல்ல. யாரைப் பாத்து பேசுது அது? பீடி குடிக்கிற மாமாவையா, கவர்மெண்டையா, சுத்துற அம்மாவையா? மூணு பேருக்கும் மூணு விஷயம் சொல்லணும். மாமாகிட்ட இருமலைப் பத்திப் பேசலாம். பாக்கெட்ல 85 சதவீதம் எச்சரிக்கைப் படம்னு 2016ல வந்துச்சு, அதையும் பாத்துக்கினே பத்த வெக்கிறாரே ஏன்னு அவரையே கேக்கலாம். கவர்மெண்டுக்கு எழுதினா பீடித் தொழிலாளர் சட்டம் 1966லயே வந்துச்சு, நல நிதிச் சட்டம் 1976ல வந்துச்சு, இந்தத் தொழில விட்டா அம்மாவுக்கு வேற இன்னா வேலை குடுப்பீங்கன்னு கேக்கலாம். பிளாக்ல எழுதினா அந்தச் சட்டத்துக்கே லிங்க் குடுத்துடலாம், படிக்கிறவன் தட்டிப் பாத்துக்குவான், நோட்டுல அது முடியாது. அம்மாவுக்கு எழுதறதுதான் கஷ்டம், அதை அந்தப் பொண்ணு விருப்பத்துக்கு விடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க.

பாலாறும் இப்படித்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடுற ஷாப்புக் கழிவுத் தண்ணி கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, மாசு பண்ணவன்தான் காசு கட்டணும்னு. ஆனா கிளாஸ்ல பாதி பசங்களோட அப்பா அந்த ஷாப்புலதான் வேலை செய்வாரு. "பாலாற்றைக் காப்போம்"னு எழுதிட்டுப் போறது சுலபம், வேலை போயிடும்னு பயப்படுற அப்பாவுக்குப் பதில் சொல்லி எழுதணும், அதுதான் எழுத்து.

ஆற்காடு_அம்மா:
நான் பத்தாவது படிக்கிற பையனோட அம்மா, வேலையும் விளம்பரத்துக்கு எழுதறதுதான். எனக்கு ஒரு பயம் இருக்கு. சோஷியல் மீடியாவுல பசங்க பாக்கிறது எல்லாம் ஏற்கனவே ஒத்துக்கறவங்க போடற லைக்தான், நூறு லைக் வந்தா நூறு பேர் மனசு மாறிட்டாங்கன்னு நினைச்சுக்கறாங்க. பட்டிமன்றம் பாத்து வளர்ந்த பசங்க வேற, கைதட்டல் வர்ற இடத்துலயே நின்னுடுவாங்க. அதனால காட்பாடி சார் சொன்ன அந்த "ஒத்துக்கலைன்னா ஏன்னு சொல்லு"ங்கற ரூல் இல்லாம பிளாக்கே தொடங்காதீங்க மேடம்.

ஃபேஸ்புக், வாட்ஸப்பை எழுதறதுக்கு வேணாம், பிரிச்சுப் படிக்கறதுக்கு எடுத்துக்கோங்க. குடும்ப குரூப்ல வர்ற ஒரு ஃபார்வர்டை பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. "டாக்டர்கள் மறைக்கும் உண்மை", "உடனே 10 பேருக்கு அனுப்பவும்"னு இருக்குமே, அதுல எந்த வரியில பயம் காட்டுறான், எந்த வரியில ஆதாரம் இருக்கற மாதிரி நடிக்கிறான்னு பசங்களையே கலர் பேனாவுல கோடு போடச் சொல்லுங்க. நம்மளை எப்படி நம்ப வெச்சாங்கன்னு பாத்த பையன் தான் எழுதும்போது அந்த வேலையைச் செய்யக் கூசுவான்.

இன்னொண்ணு, எழுதின போஸ்ட்டை ட்விட்டர் அளவுக்கு 280 எழுத்துல சுருக்கச் சொல்லுங்க. தமிழ்ல "கு"ங்கறதே ரெண்டா கணக்காகும், அதனால இடம் ரொம்பக் கம்மி, "இன்றைய நவநாகரிக உலகில்" எல்லாம் தானா ஓடிடும். எது போனாலும் வாதம் நிக்குதுன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க. அக்கவுண்ட் வேணாம், நோட்டுலயே எண்ணிக்கலாம்.

குடியாத்தம்_தமிழ்டீச்சர்:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. பாய் சொன்னது நெஞ்சுல பட்டுச்சு. இனிமே தலைப்புக்குக் கீழ "யாருக்கு"ன்னு ஒரு வரி கட்டாயம் எழுத வெக்கப் போறேன். மொதல்ல ஃபார்வர்டு பிரிண்ட், அப்புறம் சம்மதக் கடிதம், அதுக்கப்புறம்தான் பிளாக். அந்தப் பொண்ணுகிட்ட மூணு பேர்ல யாருக்கு எழுதறன்னு கேட்டேன், கவர்மெண்டுக்குன்னா, ஆயிரம் பீடிக்கு எவ்ளோ கூலி, எவ்ளோ கழிவுன்னு அம்மாகிட்டயே கேட்டு எழுதிக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கா.

காட்பாடி சார், அழைச்சவங்க மட்டும் படிக்கணும்னா பெத்தவங்க எல்லாருக்கும் மெயில் ஐடி வேணுமா? பாதிப் பேருக்கு இல்ல.

காட்பாடி_கணினி:
ஆமா டீச்சர், மெயில்லதான் அழைக்க முடியும். இல்லாதவங்களுக்கு பேரன்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு லேப்லயே உங்க லாகின்ல திறந்து காட்டுங்க. அவங்க வாயால சொல்ற பதிலைப் பசங்களே கமெண்ட்டா டைப் பண்ணட்டும்.