வி.டி. ஸ்டேஷன் படத்தில் பேய் மாதிரி ஆட்கள், நகராத டாக்சிகள்: என்ன தப்பு செய்தேன்?

மாட்டுங்கா கேமரா (இழை தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் சங்க ஆண்டு மலருக்கு அட்டைப்படம் எடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "பழைய பம்பாய் மாதிரி இருக்கணும் தம்பி, கார், பஸ் எதுவும் கண்ணில் படக்கூடாது" என்பது மலர்க்குழுப் பெரியவரின் உத்தரவு. கட்டடம் மும்பையின் வி.டி. ஸ்டேஷன், அதாவது விக்டோரியா டெர்மினஸ். பெயர் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஆகி எத்தனையோ வருஷம் ஆனாலும் எங்கள் வீட்டில் அது வி.டி.தான்.

என்னிடம் இருப்பது கேனன் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், காற்றடித்தால் ஆடும் ஒரு மலிவு டிரைபாட். ஒரே இடத்திலிருந்து நிறையப் படம் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஆட்கள் மறைந்துவிடுவார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். போன சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மாநகராட்சிக் கட்டடத்தின் முன்னால் நின்று, இரண்டு விநாடிக்கு ஒன்றாக 12 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஃபோட்டோஷாப்பில் அடுக்கினேன்.

நடந்து போனவர்கள் மறையவில்லை. பாதி உடம்போடு, புகை மாதிரி நிற்கிறார்கள். டாக்சி வரிசை புகையாகக்கூட ஆகவில்லை, அப்படியே இருக்கிறது. நடு முகப்பை ஒரு சிக்னல் கம்பம் இரண்டாகப் பிளக்கிறது. போதாக்குறைக்கு, கட்டடம் பின்னால் சாய்ந்து விழப்போவது போல் இருக்கிறது.

மலர் அச்சுக்குப் போக மூன்று வாரம் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

செம்பூர்வாசி

இதற்கு எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை முதல் லோக்கலைப் பிடித்துக் காலை ஆறுக்குப் போய் நில்லுங்கள். நாய்களும் பேப்பர் பிரிப்பவர்களும்தான் இருப்பார்கள்.

மாட்டுங்கா கேமரா

அதையும் செய்து பார்த்துவிட்டேன் சார். ரோடு காலிதான். ஆனால் ஏழரைக்கு முகப்பு முழுவதும் கறுப்பு, அதன் பின்னால் வானம் வெள்ளை. முகப்பைத் தெளிவாக்கினால் வானம் காணாமல் போகிறது.

கல்லும் வெளிச்சமும்

தம்பி, உங்கள் இரண்டு முயற்சியும் தோற்றதற்குக் காரணம் வேறு வேறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் வெளிச்சம். வி.டி.யின் முகப்பு மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் அதன் முதுகுப் பக்கம்தான் இருக்கும். நீங்கள் வெயில் வந்த பிறகு எடுத்ததால் கறுத்துவிட்டது. காலையில் எடுப்பதென்றால் சூரியன் கிளம்புவதற்கு இருபது நிமிஷம் முன்பு எடுங்கள். அப்போது வானமும் கல்லும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும், நிழலே விழாது. ஜனவரியில் இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வரும் என்பதால் தூக்கமும் அவ்வளவு கெடாது. ஆனால் தூண், வளைவு, சிற்பம் எல்லாம் புடைத்துத் தெரிய வேண்டுமானால் மாலை வெயிலை விட்டால் வழியில்லை. அதிலும் கடைசி அரைமணிக்கு ஆசைப்படாதீர்கள். எதிர்ப்பக்கக் கட்டடங்களின் நிழல் கீழ்த்தளத்தில் ஏறத் தொடங்கிவிடும்.

அடுத்தது அந்தப் பேய்கள். நீங்கள் அடுக்கும்போது 'மீடியன்' என்பதற்குப் பதிலாக 'மீன்' என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். மீன் என்பது சராசரி. 12 படத்தில் ஒன்றில் மட்டும் ஓர் ஆள் அங்கே நின்றிருந்தாலும் அவருடைய சாயலில் பன்னிரண்டில் ஒரு பங்கு படத்தில் ஒட்டிக்கொள்ளும். மீடியன் அப்படியில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் 12 படத்து மதிப்புகளையும் வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும். பாதிக்கு மேற்பட்ட படங்களில் அந்த இடம் காலியாக இருந்தால் போதும், ஆள் சுத்தமாகப் போய்விடுவார்.

இதிலேயே உங்கள் டாக்சிக்கும் பதில் இருக்கிறது. இரண்டு விநாடிக்கு ஒன்றென்றால் உங்கள் வேலை அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தச் சிக்னலில் ஒரு சிவப்பு விளக்கே அதைவிட நீளம். 12 படத்திலும் அதே டாக்சி அதே இடத்தில் நிற்கும்போது, அதுவும் கட்டடத்தின் ஒரு பகுதி என்றுதான் மென்பொருள் நினைக்கும். 25 படம் எடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பரப்பி எடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எடுக்காமல் ரோட்டைப் பார்த்து எடுங்கள்: பச்சை விழுந்து வண்டிகள் கிளம்பி இடம் காலியாகும் நாலைந்து விநாடி வரும், அப்போது ஒன்று. எதிர்ச்சாரி காலியாகும்போது இன்னொன்று. கிழமை ஞாயிறாக இருக்கட்டும். ஆபீஸ் இல்லாத கோட்டைப் பகுதி வேறு ஊர் மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள்: எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எதுவும் படத்துக்குப் படம் மாறக்கூடாது. லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் பட்டனை அணைத்துவிடுங்கள். டிரைபாட் நடுவில் பையைத் தொங்கவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்பதற்குள் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருக்கும். மீடியனைத் தேர்ந்தெடுத்து, தானாகப் பொருத்தும் கட்டத்திலும் டிக் போடுங்கள். காசில்லாமல் செய்ய கிம்ப் மென்பொருளில் ஜிமிக் என்ற கூடுதல் கருவியைச் சேர்த்தால் அதிலும் மீடியன் உண்டு.

இருட்டிய பிறகு இந்த முறை வேண்டாம். முகப்பில் போடும் விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அடுக்கினால் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

அந்தேரி லென்ஸ்

லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் ஒன்று வாங்கினால் அடுக்கும் வேலையே இல்லையே? பத்து ஸ்டாப் ஃபில்டர் போட்டால் அறுபதில் ஒரு விநாடி என்பது பதினேழு விநாடியாக நீளும். நடப்பவர்கள் கரைந்துவிடுவார்கள். அதுவும் முடியாவிட்டால் இப்போதெல்லாம் ஃபோனிலேயே ஏ.ஐ. அழிப்பான் இருக்கிறது. டாக்சி மேல் விரலால் தேய்த்தால் போச்சு. கம்பமும் போச்சு.

கல்லும் வெளிச்சமும்

நடப்பவர்கள் கரைவார்கள், சரி. சிக்னலில் ஒரு நிமிஷம் நிற்கும் டாக்சி பதினேழு விநாடியில் எங்கே கரையும்? முகவிளக்குப் போட்டு வரும் வண்டி வெள்ளைக் கோடு வேறு இழுத்துவிட்டுப் போகும். இந்த இடத்துக்கு ஃபில்டர் தண்டச்செலவு.

சுண்ணாம்புக் காரை

ஏ.ஐ. அழிப்பான் பற்றி ஒரு வார்த்தை. பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் தொழில். சென்ற வருஷம் ஒருவர் அனுப்பிய படத்தில் ஒரு ஜன்னல் வரிசையை எண்ணினேன், ஒன்று அதிகமாக இருந்தது. விசாரித்தால், முன்னால் நின்ற விளக்குக் கம்பத்தை அவர் அழித்திருக்கிறார். அந்த இடத்தில் இல்லாத ஜன்னலை மென்பொருளே கட்டிக் கொடுத்துவிட்டது. பார்ப்பவர் யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் பயமே. மீடியன் முறையில் அந்த ஆபத்து இல்லை. டாக்சிக்குப் பின்னால் நிஜமாகவே இருக்கும் கல்தான் வெளியே வருகிறது.

தார் ரோட்டில் கிடக்கும் காகிதத்தை அழியுங்கள், நான் கேட்க மாட்டேன். செதுக்கு வேலையின் குறுக்கே போகும் எதையும் அழிக்காதீர்கள். வி.டி.யில் ஒரு சாண் இடம்கூட வெறும் சுவர் கிடையாது. வாசல் தூண்களில் ஒன்றின் மேல் சிங்கம், இன்னொன்றின் மேல் புலி. வளைவுக்கு வளைவு இலையும் பறவையும் குரங்கும். இதையெல்லாம் ஊகித்து நிரப்ப விடலாமா?

கம்பத்துக்கு மருந்து கால்தான். கம்பம் உங்களுக்குப் பக்கத்தில், கட்டடம் தூரத்தில். நீங்கள் இரண்டடி நகர்ந்தால் கம்பம் முகப்பில் பல அடி நகரும். நடுக்கோபுரத்திலிருந்து விலக்கி, கட்டடத்திலேயே உள்ள ஒரு செங்குத்துக் கோட்டின் மேல், இரண்டு பகுதிகள் சேரும் மூலையில் கொண்டுபோய்ப் பொருத்துங்கள். இருக்கும், ஆனால் கண்ணில் குத்தாது. மாநகராட்சிக் கட்டடத்தின் எதிரே படம் எடுப்பதற்கென்றே ஒரு பார்வை மேடை இருக்கிறது. அதில் ஏறிப் பாருங்கள். கொஞ்சம் உயரம் கிடைத்தாலும் கம்பத்தின் தலை கூரைக்குக் கீழே இறங்கிவிடும்.

கட்டடம் சாய்வது நீங்கள் கேமராவை அண்ணாந்து பிடித்ததால். மட்டமாக வைத்து, கீழே தேவையில்லாத ரோடு நிறைய வந்தாலும் பரவாயில்லை என்று அகலமாக எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா கேமரா

அக்கா, சார், இரண்டு பேருக்கும் நன்றி. போய்ப் பார்த்தேன், 'மீன்' என்றுதான் இருந்தது! பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ஓவல் பக்கத்து ஆள்

வி.டி.தான் வேண்டும் என்று பெரியவர் அடம்பிடிக்காவிட்டால் மும்பைப் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டான ராஜாபாய் கோபுரத்தை யோசியுங்கள். 1878-இல் முடிந்தது, 280 அடி. வரைந்த கில்பர்ட் ஸ்காட் இந்தியா பக்கமே வந்ததில்லை. ஓவல் மைதானத்துக்கு நடுவில் போய்க் கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கினால் புல்லும் ஓரத்து மரங்களும் ரோட்டை மறைத்துக்கொள்ளும். கார் அழிக்கும் வேலை பாதி மிச்சம். அதுவும் மேற்கு பார்த்த முகம்தான், மாலையில் போங்கள். காலையில்தான் நேரம் என்றால் மைதானத்தின் எதிர்ச்சாரியில் இருக்கும் ஆர்ட் டெக்கோ வீடுகள் கிழக்கு பார்த்தவை. இரண்டு சாரியும் சேர்த்துத்தான் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஞாயிறு கிரிக்கெட் பந்து வந்து விழும், லென்ஸ் ஜாக்கிரதை.

சயான் ரிடையர்டு

தம்பி, உங்கள் பெரியவரிடம் ஒன்று கேளுங்கள். எந்த வருஷத்துப் பம்பாய்? 1878-இல் தொடங்கிப் பத்து வருஷம் கட்டிய ஸ்டேஷன் இது. அந்தக் காலத்துப் படங்களை எடுத்துப் பாருங்கள், வாசல் முழுக்கக் குதிரை வண்டியும் கூட்டமும்தான். பிறகு மின்சார டிராம் வந்தது. 1964 மார்ச் 31 அன்று கடைசி டிராம் ஓடியபோது நான் சின்னப் பையன், அப்பா தோளில் தூக்கிக் காட்டினார். கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சி 2023-இல் போயிற்று, அதே வருஷம் பழைய சிவப்பு டபுள் டெக்கரும் போயிற்று. இந்த வாசல் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. காலி ரோடுதான் பழசு என்று யார் சொன்னது?

உங்கள் பழைய ஹார்டு டிஸ்கில் பத்மினி டாக்சி நிற்கும் படம் ஏதாவது இருந்தால் அதையே கொடுத்துவிடுங்கள்.

மாட்டுங்கா கேமரா

கேட்டுவிட்டேன் ஐயா. "எனக்கு ரோடு காலியாக வேண்டும்" என்கிறார். விவாதம் முடிந்தது.

ஞாயிறு மாலை போய் வந்தேன். மேடையில் செல்ஃபிக் கூட்டம், ஓரமாக இடம் பிடித்தேன். நாலே முக்காலிலிருந்து ஐந்து வரை 27 படம். ஒரு காவலாளி டிரைபாடைப் பார்த்துவிட்டு வந்து "ஷூட்டிங்கா?" என்று இரண்டு முறை விசாரித்தார். மலர் விஷயத்தைச் சொல்லி, சங்கத்தின் பழைய மலர் ஒன்றைக் காட்டியதும் சிரித்துவிட்டுப் போனார்.

மீடியனில் அடுக்கினேன். மந்திரம்தான்! டாக்சி இல்லை, ஆள் இல்லை, பஸ் இல்லை. கம்பத்தை வலது மூலையில் ஒளித்துவிட்டேன். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். முகப்புக் கடிகாரத்தில் மணி முள் இருக்கிறது, நிமிஷ முள்ளைக் காணோம்!

கல்லும் வெளிச்சமும்

ஹா ஹா, இதைச் சொல்ல மறந்துவிட்டேன், என் தப்புதான். கால் மணியில் நிமிஷ முள் தொண்ணூறு டிகிரி நகர்ந்துவிடும். எந்த ஓர் இடத்திலும் பாதிப் படங்களுக்கு அது நிற்கவில்லை. மென்பொருளுக்கு அதுவும் ஒரு நடைபயணிதான்.

27-இல் கூர்மையான ஒரு படத்தை மேல் லேயராக வைத்து, மாஸ்க் போட்டு, கடிகார வட்டத்தை மட்டும் அதிலிருந்து காட்டுங்கள். அப்படியே கொடியையும் மரக்கிளைகளையும் வானத்தையும் பாருங்கள். காற்றில் ஆடிய இலை அடுக்கில் மசித்த கீரை மாதிரி ஆகியிருக்கும். அவற்றையும் அதே ஒற்றைப் படத்திலிருந்து எடுங்கள். மணி முள்ளும் நிமிஷ முள்ளும் ஒரே படத்திலிருந்து வரட்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்புக் காரை அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

சுண்ணாம்புக் காரை

கண்டுபிடிப்பேன்.

மாட்டுங்கா கேமரா

முள் திரும்பி வந்துவிட்டது: நாலு ஐம்பத்திரண்டு. மரங்களையும் சரிசெய்துவிட்டேன். படம் அச்சகத்துக்குப் போய், அட்டையின் மாதிரி நேற்று வாட்ஸாப்பில் வந்தது.

அட்டையின் மேற்பகுதியில் கோபுரம், கடிகாரம், அதற்கு மேல் சங்கத்தின் பெயர். நான் 27 படம் அடுக்கிக் காலி செய்த ரோடு இருந்த இடத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு நகைக்கடை விளம்பரம்.

செம்பூர்வாசி

முதலிலேயே விளம்பரம் எங்கே வரும் என்று கேட்டிருந்தால் ஒரே படத்தில் முடிந்திருக்கும் தம்பி. அந்த முழுப் படத்தை இங்கே போடுங்கள், நாங்களாவது ரோட்டைப் பார்க்கிறோம்.