பழைய மியாட்டாவின் பின் டிஃபரன்ஷியல்: வலுப்படுத்துவதா, மாற்றுவதா?

கேள்வி

வணக்கம். என்னிடம் 1991-ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற 1.6 லிட்டர் வண்டி. அதற்கு டர்போ பொருத்தி, சக்கரத்தில் ஏறத்தாழ 180 குதிரைத்திறன் எடுக்க எண்ணியுள்ளேன். புதிதில் 116 குதிரைத்திறனோடு வந்த வண்டி என்பதால், எஞ்சினைவிடப் பின் டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பகிரும் பல்சக்கரத் தொகுதி) தாங்குமா என்பதே என் கவலை. அதில் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் அதைச் சுழற்றும் சிறிய பினியனுக்கும் ஷாட் பீனிங் (சிறு உலோகக் குண்டுகளால் மேற்பரப்பை அடித்து வலுவாக்குவது) போன்ற பதப்படுத்தல்களைச் செய்தால் போதுமா? மாதம் ஒருமுறை பந்தயத் தடத்தில் ஓட்டுவேன். நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் (drag) ரேஸ் பழக்கமில்லை.

மறுமொழி 1

அந்தச் செலவைச் செய்யாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது 6 அங்குலக் கிரவுன் வீல். 1994-ஆம் ஆண்டு மாடலில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது மஸ்டா அதை 7 அங்குலமாக்கியது. பதப்படுத்தினால் பல்லின் மேற்பரப்பு சற்றுக் கூடுதலாக உழைக்கும். பல்லின் பருமன் கூடாது, டிஃபரன்ஷியலின் வெளிக்கூடு வளைவதும் குறையாது. விசை ஏறும்போது பினியனும் கிரவுன் வீலும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. கூடு வளைந்தால் பற்கள் முழு அகலத்திலும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் தொட்டு, அங்கிருந்தே முறியத் தொடங்குகின்றன.

கணக்கைப் பாருங்கள். டர்போவுக்குப் பின் எஞ்சின் 220 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாக வைத்துக்கொண்டால், முதல் கியரின் விகிதம் 3.136 என்பதால் பினியனுக்கு வருவது ஏறத்தாழ 690. பழைய எஞ்சினில் அது 430-ஐக்கூட எட்டவில்லை.

ஆகவே 1.8 வண்டியிலிருந்து டிஃபரன்ஷியலைக் கூட்டோடு எடுங்கள். டார்சன் வகை (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை அனுப்புவது) கிடைத்தால் நல்லது. சக்கரங்களுக்குப் போகும் இரு ஆக்ஸில் ஷாஃப்டுகளையும், கியர்பாக்ஸிலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் அதே வண்டியிலிருந்து வாங்கிவிடுங்கள், ஏனெனில் உங்கள் பழைய ஷாஃப்டுகள் இதில் பொருந்தா. வெட்டுவதோ வெல்டிங் வைப்பதோ தேவையில்லை; போல்ட் மாற்றும் வேலைதான்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய டிஃபரன்ஷியலையும் உடைக்க முடியும். நிலையான விசையைவிட அதிர்ச்சிதான் பல்லைக் கொல்கிறது: எஞ்சினை உறுமவிட்டுக் க்ளட்சைச் சட்டென்று விடுவது, காற்றில் சுழலும் சக்கரம் திடீரெனத் தரையைப் பிடிப்பது, புறப்படும்போது பின் டயர்கள் துள்ளுவது ஆகியவை. டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் நொய்ந்திருந்தால் இந்தத் துள்ளல் கூடும். எனவே கூடு கீழே இறங்கியிருக்கும்போதே அவற்றை மாற்றிவிடுங்கள்.

பழைய டிஃபரன்ஷியலை வாங்கினால் அதைப் பிரிக்காமல் பொருத்துவதே மேல். வேறொரு வண்டியில், பேரிங் மாற்றக் கொடுத்த பட்டறை பல் இடைவெளியைக் கைப்பழக்கத்தில் வைத்துவிட்டது. இரண்டே வாரத்தில் எண்பதைத் தாண்டினால் ஊளைச் சத்தம். திறந்து பார்த்தபோது பற்களின் நுனியில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்க வேண்டியது. டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், பல்லில் வண்ணப் பசை தடவிப் பதிவையும் சரிபார்க்க வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பதப்படுத்தும் எண்ணத்தைக் கைவிட்டேன். 1994 முதல் 1997 வரையிலான வண்டி ஒன்றின் டார்சன் கிடைக்கும்போல் இருக்கிறது. அதன் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 4.10, என்னுடையது 4.30. இதனால் வேகமானி தவறாகக் காட்டுமா? ஆயில் எது?

மறுமொழி 1

காட்டும். இந்த வண்டியில் வேகமானிக்கான கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் பின்னால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. முள் 100-ஐக் காட்டும்போது நீங்கள் ஏறத்தாழ 105-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கேபிளின் முனையில் உள்ள சிறு பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகும். புறப்பாடு இம்மியளவு மந்தமாகும். டர்போ வண்டியில் அது தெரியாது, முதல் கியர் சற்று நீள்வது டயருக்கும் நல்லதே.

ஆயில் ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90. வண்டியை மட்டமாக நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள். வடிக்கும் போல்டைக் கழற்றும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், ஆயிலை வடித்துவிட்டு வண்டியை நகர்த்த முடியாமல் நிற்க வேண்டியதுதான். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்படித்தான் நின்றேன்.