மீன் தொட்டியில் ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு எதை ஊற்றுகிறீர்கள்?

செடித்தொட்டி:

நண்பர் ஒருவர் தன் கப்பி மீன் தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் மீன்களெல்லாம் துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்றன. கண்ணாடியின் மேல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு உப்புக்கோடு, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 420, தொட்டித் தண்ணீர் 960!

நடந்தது இதுதான். மூடியில்லாத தொட்டி, மட்டம் இறங்க இறங்க குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். பழைய தண்ணீரை வெளியே எடுக்கவே இல்லை. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும்தான். கால்சியம், மெக்னீசியம், மற்ற உப்புகள், மீன் கழிவிலிருந்து வந்த நைட்ரேட் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் ஒவ்வொரு வாளியும் புது உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

"சரி, இப்பவே முழுசா மாத்திடலாமா?" என்று அவர் வாளியைத் தூக்க, தடுத்துவிட்டேன். அந்த மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உப்புக்குப் பழகியவை. ஒரே நாளில் இறக்கினால் தாங்காது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றச் சொன்னேன். ஆவியான இடத்துக்கு, உப்பு கிட்டத்தட்ட இல்லாத ஆர்ஓ தண்ணீர். மீட்டர் எண் மெதுவாக இறங்க இறங்க துடுப்புகளும் விரிந்தன. மாற்றுவது வேறு, ஈடுகட்டுவது வேறு; இரண்டுக்கும் ஒரே வாளி சரிவராது என்பதை அவருக்குப் புரியவைக்க அந்த இரண்டு எண்களே போதுமாக இருந்தன.

டிஸ்கஸ் பிரியர்:

நண்பர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் இதைப் படித்துவிட்டு, ஆர்ஓ தண்ணீர்தான் சுத்தம், மாற்றுவதற்கும் அதையே ஊற்றுவோம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. தெரிந்தவர் ஒருவர் அப்படித்தான் செய்தார். சில வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் பிஎச் (அமில-கார அளவு) 5.5-க்கு விழுந்து, அம்மோனியா ஏறிவிட்டது.

காரணம் கேஎச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை. ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதை வாங்கிக்கொள்வது கேஎச்தான். வெறும் ஆர்ஓ தண்ணீரில் அது கிட்டத்தட்டப் பூஜ்யம். இருப்பு தீர்ந்ததும் பிஎச் சரியும், பிஎச் சரிந்தால் அந்த பாக்டீரியாவின் வேலையே மந்தமாகிவிடும். மீனுக்கும் கால்சியம், மெக்னீசியம் வேண்டும்.

மாற்றுவதற்கு நான் குழாய்த் தண்ணீரையும் ஆர்ஓவையும் கலந்துதான் ஊற்றுகிறேன். டிடிஎஸ் 400 உள்ள குழாய்த் தண்ணீரும் 20 உள்ள ஆர்ஓவும் பாதிக்குப் பாதி கலந்தால் 210 வரும், அவ்வளவுதான் கணக்கு. அல்லது ஆர்ஓவில் மீன் தொட்டிக்கென்றே விற்கும் தாதுப்பொடியைக் கரைக்கலாம். கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்கு இந்தப் பாடே தேவையில்லை. அவை கடினத் தண்ணீரில்தான் செழிப்பாக இருக்கும், மாற்றுவதற்குக் குழாய்த் தண்ணீரே தாராளம்.

இன்னொன்று: குடிக்கிற ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் கடினத் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடுவார்கள். ஈடுகட்ட ஊற்றும் முன் அதையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இறால் வளர்ப்பவர்:

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். டிடிஎஸ் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அது வழிந்து வருவது உலோகச் சுருள் மேல். இறாலுக்கும் நத்தைக்கும் துளி தாமிரமே விஷம். வேண்டாம். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியின் தண்ணீரும் ஆகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது, மொத்த உப்பு குறைவதில்லை.

பழைய கை:

குளோரின் பற்றி யாருமே சொல்லவில்லையே. திறந்த வாளியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் பறந்துவிடும், சரி. ஆனால் எங்களுக்கு வரும் தண்ணீரில் ஒரு கட்டத்தில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள், கலக்க ஆரம்பித்தார்கள். வழக்கம்போல வாளியில் வைத்து ஊற்றியும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. செவுள் வெந்துபோன அறிகுறி அது. குளோரமின் ஒரு ராத்திரியில் போகாது.

குளோரினை நீக்கும் ஆன்டி-குளோரின் மருந்தை ஊற்றினால் குளோரின் பகுதி போகும், அம்மோனியா மிச்சம் நிற்கும். அது எவ்வளவு ஆபத்து என்பது பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்கு கூட நச்சு வடிவத்தில் இருக்காது, பிஎச் 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். அதனால் அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டுகிற மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். எது கலக்கிறார்கள் என்று தெரியவில்லையா? ஒரு ராத்திரி வைத்த தண்ணீரை மொத்தக் குளோரின் காட்டும் பட்டையில் சோதியுங்கள். அப்போதும் நிறம் காட்டினால் குளோரமின் என்றே வைத்துக்கொள்ளலாம். குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்குள் விடுபவர்கள், ஊற்றுகிற அளவுக்கு அல்ல, முழுத் தொட்டி அளவுக்கும் மருந்து போட வேண்டும்.

செடித்தொட்டி:

அருமை அண்ணா. போர் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். குளோரின் இல்லை என்று அப்படியே ஊற்றிவிடாதீர்கள். நிலத்தடியிலிருந்து வருவதில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருப்பது உண்டு. பிடித்தவுடன் ஒரு முறை பிஎச் பாருங்கள், அடுத்த நாள் அதே கிளாஸில் மறுபடியும் பாருங்கள். என் வீட்டில் 6.8, மறுநாள் 7.6. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் ஏர் பம்ப் போட்டு வைத்துவிட்டுத்தான் தொட்டியில் சேர்க்க வேண்டும். நைட்ரேட்டும் ஒரு முறை சோதியுங்கள். சில கிணறுகளில் தொட்டியில் இருப்பதை விட அதிகமாக இருக்கும்.